பற்றரிக்கு ஊற்றிய தண்ணீர்

நாங்கள் குடியிருந்த ஆசிரியர் விடுதியின் குழாய்த் தண்ணீரில் பருப்பு இலேசில் அவியாது. தேத்தண்ணிக்கு மேல் மெல்லிய ஆடை படரும். அலுமினியக் கேத்திலின் உட்புறத்தில் மாதத்துக்கு மாதம் வெள்ளைக் கல் படிந்து தடித்துக்கொண்டே போகும். அம்மா அதைக் கவிழ்த்துப் பிடித்து அகப்பைக் காம்பால் தட்டினால் முட்டை ஓடு போலத் துண்டு துண்டாக விழும். தட்டாமல் விட்ட ஒரு வருடம் கேத்திலின் மூக்கு அடைத்துத் தண்ணீர் நூலாக வந்தது. "உங்கட கேத்திலுக்குள்ள இன்னொரு கேத்தில் வளருது கா," என்று பக்கத்து வீட்டு மாமி சொல்லிச் சிரித்ததை அம்மா நெடுநாள் மறக்கவில்லை.

ஊர் காத்தான்குடிக்குத் தெற்கே, ஒரு பக்கம் கடலும் மறு பக்கம் வாவியுமாக ஒடுங்கிக் கிடந்த மணல் நிலம். மற்ற வீடுகளில் மணற்கிணறுகள் இருந்தன. அவற்றில் தண்ணீர் இனிக்கும். பள்ளிக்கூடத்தை மட்டும் வாவிக் கரையில், தோண்டத் தோண்டச் சிப்பியாக வரும் நிலத்தில் கட்டியிருந்தார்கள். அங்கே ஆழக் கிணறு வெட்டி, எண்ணெய் இயந்திரம் வைத்து, நான்கு தூண்களின் மேல் ஒரு தண்ணீர்த் தாங்கி ஏற்றி, விடுதிக்குக் குழாயும் போட்டுக் கொடுத்திருந்தார்கள். ஊரிலேயே குழாய் உள்ள வீடு எங்களுடையது ஒன்றுதான். குழாய் உள்ள வீட்டுக்காரி அடுத்த வளவுக் கிணற்றுக்கு வாளி தூக்கிக்கொண்டு போவது அழகில்லை என்பது அம்மாவின் எண்ணம். ஆகவே பருப்பு அவியாவிட்டாலும் நாங்கள் குழாய்த் தண்ணீரிலேயே சீவித்தோம்.

அப்பா அந்தப் பள்ளிக்கூடத்தின் விஞ்ஞான ஆசிரியர். அந்தத் தண்ணீரில் என்ன இருக்கிறது என்பது ஊரில் அவருக்கு மட்டும்தான் தெரியும். அதற்கு வன்னீர் என்று பெயர் என்பதும், மழைத் தண்ணீர் மென்னீர் என்பதும் அவருடைய ஆறாம் வகுப்புப் பாடம். இரண்டு போத்தல்களில் இரண்டு தண்ணீரையும் எடுத்து, ஒவ்வொன்றிலும் உடுப்புத் தோய்க்கும் சவர்க்காரத்தில் ஒரு சிறு துண்டு போட்டுக் குலுக்குவார். மழைத் தண்ணீர் நுரைத்துக்கொண்டு வாய்வரை ஏறும். குழாய்த் தண்ணீரில் அழுக்குத் தயிர் போல ஏதோ திரண்டு மிதக்கும். பிள்ளைகள் கை தட்டுவார்கள். அறுபதுகளின் முற்பகுதியில் ஒரு வருடம், கை தட்டியவர்களில் நானும் ஒருத்தி. எனக்குப் பதினொரு வயது.

எங்கள் வீட்டில் ஒரு றேடியோ இருந்தது. ஊருக்கு மின்சாரம் வராத காலம். றேடியோவுக்குப் பக்கத்தில் ஒரு முக்காலியில் கறுப்புப் பெட்டியாக ஒரு பற்றரி உட்கார்ந்திருக்கும். அதன் தலையில் மூன்று மூடிகள். அதற்குச் சார்ஜ் ஏற்ற இரண்டு கிழமைக்கு ஒருமுறை காத்தான்குடியிலிருந்து ஒருவர் சைக்கிளில் வருவார். முஸ்லிம் அண்ணன்மாரை எங்கள் பக்கத்தில் காக்கா என்போம்; எங்களுக்கு அவர் பற்றரிக் காக்கா. சைக்கிளின் பின்னால் நாலு பற்றரிகள் அடங்கும் மரப்பெட்டி. அசிட் தெறித்துத் தெறித்து அவர் இடுப்பில் உடுத்த சாரம் முழுவதும் பொட்டுப் பொட்டாக ஓட்டைகள். "பகல்ல வானத்து வெள்ளி பாக்கணுமெண்டா என்ட சாரத்தப் பாருங்க," என்பார். கூட்டுறவுக் கடை, கோயில் ஒலிபெருக்கி, ஊரில் இருந்த ஆறேழு றேடியோ எல்லாவற்றுக்கும் அவர்தான்.

அந்த வருடம் தைப்பொங்கலுக்கு முன்னர் அப்பா ஒரு புதுப் பற்றரி வாங்கினார். காக்காதான் தேடிக் கொண்டுவந்தார். கூட்டுறவுக் கடை மனேஜரும் தபால்காரரும் வேலியோரம் நின்று பார்த்துக்கொண்டிருக்க, காக்கா அதை முக்காலியில் இறக்கிவைத்து, "ரெண்டு வருசத்துக்குள்ள இது படுத்திச்செண்டா என்னப் புடிங்க மாஸ்டர். தண்ணிய மட்டும் சரியா ஊத்துங்க," என்றார்.

"தண்ணி என்ட பொறுப்பு," என்றார் அப்பா.

"கடையில காய்ச்சி வடிச்ச தண்ணி இரிக்கி. ஒரு போத்தல் தாறனே."

"உங்கட கடைத் தண்ணிய நான் நம்பமாட்டன் காக்கா."

"நீங்க நம்பாட்டி என்ன, பற்றரி நம்பும்," என்றார் காக்கா. எல்லாரும் சிரித்தார்கள். அப்பாவும்தான்.

குழாய்த் தண்ணீர் பற்றரியின் தகடுகளைத் தின்றுவிடும் என்பார் அப்பா; அவர் நம்பியது மழையை மட்டும். மாரி தொடங்கி முதல் நாலைந்து மழையைப் போகவிடுவார். வானத்துத் தூசியெல்லாம் கழுவுப்படட்டும் என்பார். பிறகு மரம் மட்டை இல்லாத வெட்டை வெளியில் நாலு கம்பு நட்டு, தோய்த்த வெள்ளை வேட்டி ஒன்றை நாலு மூலையிலும் கட்டி, நடுவில் கழுவிய கல் ஒன்றைப் போட்டு, கீழே கண்ணாடிச் சாடி வைப்பார். தகரத்தில் பட்ட தண்ணீர் ஆகாது, ஓலையில் பட்டதும் ஆகாது. அப்படி வடிந்த தண்ணீரைப் போத்தல்களில் நிரப்பித் தன் கட்டிலின் கீழ் இருட்டில் அடுக்குவார். போத்தல்கள் சாராயப் போத்தல்கள். அப்பா குடிப்பவர் அல்லர்; ஊரில் குடிப்பவர்கள் பலர் இருந்ததால் வெறும் போத்தலுக்குப் பஞ்சம் இல்லை. ஒருமுறை பள்ளிக்கூடம் பார்க்க வந்த வித்தியாதிகாரி எங்கள் வீட்டில் சாப்பிட்டுவிட்டுச் சற்றுச் சரிந்தபோது கட்டிலின் கீழ் இருபது போத்தல்களையும் கண்டு, எழும்பிப் போகும்வரை அப்பாவின் முகத்தையே ஒருமாதிரிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

ஒவ்வொரு ஞாயிறும் காலையில் அப்பா பற்றரியின் மூடிகளைத் திறப்பார். நான் கட்டிலின் கீழிருந்து போத்தலை எடுத்துவந்து, சிறு புனலை வைத்து, அப்பா போதும் என்னும்வரை ஊற்றவேண்டும். வீட்டில் எனக்கென்று இருந்த ஒரே உத்தியோகம் அது. "கை நடுங்காமல் ஊத்துறது இவதான்," என்று வருகிறவர்களிடம் சொல்வார்.

எனக்கு அப்போது இடுப்புவரை தலைமுடி. குழாய்த் தண்ணீரில் முழுகி முழுகி அது தேங்காய்த் தும்பு மாதிரி ஆகியிருந்தது. சீப்பு நுழையாது. அம்மா சிக்கெடுக்கும்போது நான் போடும் சத்தம் பள்ளிக்கூட மண்டபம்வரை கேட்கும். வைகாசியில் அம்மன் கோயிலின் வருடாந்தச் சடங்கு. கும்மியடிக்கிற பிள்ளைகளில் என்னையும் சேர்த்திருந்தார்கள். மற்றப் பிள்ளைகள் மணற்கிணற்றுத் தண்ணீரில் முழுகுகிறவர்கள். அவர்களுடைய கூந்தல் தொங்கும், என்னுடையது நிற்கும். "வாத்தியார்ர மகள்ற தலையில கொக்கு கூடு கட்டும்," என்று ஒருத்தி சொல்லிவிட்டாள்.

அதே கிழமையில்தான் அப்பா வகுப்பில் போத்தலைக் குலுக்கினார். நுரை ஏறியது. எல்லாப் பிள்ளைகளும் போத்தலைப் பார்த்தார்கள். நான் என் தலையை நினைத்தேன்.

கொழும்பில் ஒரு கந்தோரில் வேலை பார்த்த மாமா, அம்மாவின் ஒரே தம்பி, வாசனைச் சவர்க்காரம் ஒன்று அனுப்பியிருந்தார். ஒரு பின்னேரம் அப்பா கூட்டத்துக்குப் போயிருக்க, அம்மா பக்கத்து வீட்டில் இருக்க, நான் கட்டிலின் கீழிருந்து இரண்டு போத்தல்களை எடுத்துக்கொண்டு குளிக்கிற மறைப்புக்குள் போனேன். சவர்க்காரத்தைத் தலையில் தேய்த்தவுடன் நுரை பொங்கிக் காதில், கழுத்தில், முதுகில் வழிந்தது. அவ்வளவு நுரையை நான் அதற்கு முன் என் உடம்பில் கண்டதில்லை. முடி கைக்குள் வழுக்கிக்கொண்டு போனது. காய்ந்த பிறகு சீப்பை மேலே வைத்தேன். அது தானாகவே கீழே வந்தது.

வெறும் போத்தல் இரண்டையும் குழாயில் நிரப்பி, மூடி இறுக்கி, இருந்த இடத்திலேயே வைத்தேன். தண்ணீர் தண்ணீராகத்தான் இருந்தது. கண்ணாடிக்குள் இரண்டும் ஒன்றுதான்.

ஒருமுறையோடு நிறுத்தியிருந்தால் என்று எத்தனையோ முறை நினைத்திருக்கிறேன். ஆனால் அடுத்த ஞாயிறு அப்பா சொன்னபடி ஊற்றினேன், றேடியோ பாடியது. ஒன்றும் ஆகவில்லை. ஆகவே இன்னும் இரண்டு போத்தல். சடங்கு வந்தது, கும்மியடித்தேன், என் கூந்தலும் மற்றவர்களுடையதைப் போலத் தொங்கியது. சடங்கு முடிந்த பிறகும் விடமுடியவில்லை. ஆனி மாதம் ஒரு நாள் போத்தலைத் தலையில் கவிழ்த்தபோது நுரை வரவில்லை. அடுத்ததை எடுத்தேன். அதிலும் வரவில்லை. அப்போதுதான் தெரிந்தது, இருபதும் முடிந்துவிட்டது, இனி இருப்பதெல்லாம் நான் நிரப்பி வைத்தவை என்று. அடுத்த மாரிக்கு இன்னும் நாலைந்து மாதம் இருந்தது. ஒவ்வொரு ஞாயிறும் கை நடுங்காமல் ஊற்றிக்கொண்டே இருந்தேன்.

ஆவணியில் மாமாவிடமிருந்து கடிதம் வந்தது. வானொலியில் பாட அவருக்குக் கால்மணி நேரம் கிடைத்திருக்கிறது, வெள்ளிக்கிழமை பின்னேரம் ஆறு மணிக்கு இரண்டு பாட்டு, அக்கா கட்டாயம் கேட்கவேண்டும் என்று எழுதியிருந்தார். அம்மா அந்தக் கடிதத்தைச் சேலைத் தலைப்பில் முடிந்துகொண்டு ஊரெல்லாம் சொல்லிவந்தாள். தாய் தகப்பன் இல்லாமல் தான் வளர்த்த தம்பி அல்லவா. வெள்ளிக்கிழமை எங்கள் வீட்டு முற்றத்தில் முப்பது நாற்பது பேர் பாயில் இருந்தார்கள். அம்மா எல்லாருக்கும் தேத்தண்ணி கொடுத்தாள்.

மாமாவின் பெயரைச் சொன்னார்கள். முதல் பாட்டு நன்றாகக் கேட்டது. இரண்டாவது பாட்டின் முதலடியில் சத்தம் இறங்கத் தொடங்கியது. மாமா எங்களைவிட்டுத் தள்ளித் தள்ளிப் போவது போல இருந்தது. அப்பா குமிழைத் திருகினார். அம்மா காதை றேடியோவில் வைத்துக்கொண்டாள். பிறகு ஒன்றுமே இல்லை. பற்றரி சார்ஜ் ஏறி வந்து மூன்று நாள்தான் ஆகியிருந்தது.

யாரோ ஒருவர், "பாட்டுக்காரன் தேத்தண்ணி குடிக்கப் போயிட்டான் போல," என்றார். அம்மா காதை எடுக்காமலே இருந்தாள்.

அடுத்த நாள் காலை காக்கா வந்தார். அப்பா சொல்லியனுப்பிய விதத்தில் ஊருக்கு விஷயம் தெரிந்திருந்தது. மனேஜரும் தபால்காரரும் இன்னும் சிலரும் வளவுக்குள் வந்து நின்றார்கள். காக்கா பற்றரியை வெளிச்சத்துக்குத் தூக்கி வந்து மூடிகளைத் திறந்தார். மிதவை போட்ட கண்ணாடிக் குழாயால் உறிஞ்சிப் பார்த்தார். ஒவ்வொரு அறையாகக் குனிந்து பார்த்தார். அவருடைய பகிடி எல்லாம் நின்றுபோயிற்று.

"மாஸ்டர், தகடெல்லாம் அரிச்சிக் கொட்டியிரிக்கி. இது என்ன தண்ணி ஊத்தின?"

"மழைத் தண்ணி. தெரியுந்தானே."

"மழைத் தண்ணிக்கு இப்பிடி வராதே."

"அப்ப நான் பொய் சொல்றனோ?"

"நான் அப்பிடிச் சொல்லல்ல மாஸ்டர். அந்தப் போத்தல் ஒண்டக் காட்டுங்க, பாப்பம்."

அப்பா என்னைப் பார்த்தார். நான் போய் ஒரு போத்தலை எடுத்து வந்தேன். காக்கா அதை வெயிலுக்குப் பிடித்துப் பார்த்துவிட்டு அம்மாவிடம், "தங்கச்சி, ஒரு துண்டுச் சவக்காரம் தாங்க," என்றார்.

எனக்கு அந்த இடத்திலேயே மூத்திரம் போய்விடும் போல இருந்தது. அம்மா ஒன்றும் விளங்காமல் சவர்க்காரத் துண்டைக் கொண்டுவந்து கொடுத்தாள். காக்கா ஒரு கையில் போத்தலும் மறு கையில் சவர்க்காரமுமாக நின்றார். அப்பாவின் முகம் கறுத்துவிட்டது. அது அவருடைய பரிசோதனை. வருடா வருடம் அவர் பிள்ளைகளுக்குச் செய்து காட்டுவது. அதை ஒருவர் அவருடைய முற்றத்தில், ஊர் பார்க்க, அவருக்கே செய்து காட்டப்போகிறார்.

"என்ட வீட்டுத் தண்ணிய நீ சோதிக்கிறியா?" என்றார். அதுவரை அவர் காக்காவை நீ என்று சொன்னதில்லை.

"சோதிக்கல்ல மாஸ்டர். நான் நாலு பேருக்கு முன்னால வாக்குத் தந்தவன். தண்ணி பிழையா, பற்றரி பிழையா எண்டு தெரியணுந்தானே. ஊர்ல எல்லாரும் எனக்கிட்டத்தான் தாறாங்க."

"தண்ணி ஊத்தினது இவ. பச்சப் புள்ள. இவ பொய் சொல்லமாட்டா." அப்பா என்னை இழுத்துத் தன் முன்னால் நிறுத்தினார். "இந்தா, இவட தலையில அடிச்சிச் சத்தியம். மழைத் தண்ணியத் தவிர ஒரு சொட்டு வேற தண்ணி அதுக்குள்ள போகல்ல."

அவருடைய கை என் தலையில் விழுந்து, அங்கேயே இருந்தது. எங்கள் பக்கத்தில் அதைவிடப் பெரிய சத்தியம் இல்லை. பொய்யானால் அந்தத் தலைக்குத்தான் கேடு. "ஐயோ, புள்ளையில வேணாம், விடுங்க," என்று அம்மா அழுவது போலச் சொன்னாள். நான் மண்ணைப் பார்த்துக்கொண்டு நின்றேன். காக்காவின் கையில் இருந்த சவர்க்காரம் மட்டும் கடைக்கண்ணில் தெரிந்தது. அது போத்தலின் வாய்வரை போயிருந்தது.

அங்கேயே நின்றது. பிறகு கீழே இறங்கியது. காக்கா போத்தலை மெதுவாக நிலத்தில் வைத்தார்.

"கைய எடுங்க மாஸ்டர்," என்றார். "புள்ளையிட தலையில இரிந்து முதல்ல கைய எடுங்க."

"மறுகா?" பிறகு என்ன என்று கேட்டார் அப்பா.

"மறுகா என்ன. என்ட பிழைதான். பற்றரி பிழை. திங்கக்கிழமை வேற ஒண்டு கொண்டாறன்."

சைக்கிளைத் திருப்பிக்கொண்டு மணலில் உருட்டிக்கொண்டு போனார். "பாத்தியா, சத்தியத்துக்குப் பயந்திட்டார்," என்றார் தபால்காரர். "களவு புடிபட்டா அப்பிடித்தான்," என்றார் மனேஜர். நானும் அதையே நம்பினேன். அல்லது நம்ப விரும்பினேன். என் தலை வெடிக்கவில்லை, சவர்க்காரம் போத்தலுக்குள் விழவில்லை, அடி விழவில்லை. பதினொரு வயதில் அதற்கு மேல் என்ன வேண்டும்?

இவ்வளவு காலம் கழித்து இதை எழுத உட்கார்ந்ததற்குக் காரணம் போன மாதம் என் வீட்டில் நடந்த ஒன்று. என் மகனுக்குப் பன்னிரண்டு வயது. அவனுடைய வகுப்புப் பையனின் தாய் ஒருத்தி வந்து, வகுப்பில் ஒரு பிள்ளையின் மூக்குக் கண்ணாடி உடைந்ததற்குத் தன் மகன் அடிவாங்கிவிட்டான், உடைத்தது உங்கள் மகன் என்று சொல்கிறான், ஒருக்கால் கேட்டுப் பாருங்கள் என்றாள். மரியாதையாகத்தான் கேட்டாள். நான், "என்ட பிள்ளை அப்பிடிச் செய்யமாட்டான்," என்றேன். சொல்லும்போதே கை தானாக எழுந்து அவன் தலையில் போய் இருந்தது. சத்தியத்துக்கு அல்ல, அவன் என் பிள்ளை என்பதற்கு. உள்ளங்கைக்குக் கீழே அவனுடைய கழுத்து ஒரு நெல்லளவு உள்ளே இறங்கியது. நெல்லளவுதான். பார்த்துக்கொண்டிருந்தவளுக்குத் தெரிந்திராது. என் கைக்குத் தெரிந்தது. ஆனால் வாய் தொடங்கியதை முடித்துவிட்டுத்தான் நின்றது. அவள் போய்விட்டாள். இன்னும் நான் அவள் வீட்டுக்குப் போகவில்லை. ஒவ்வொரு நாளும் நாளைக்குப் போகலாம் என்று இருக்கிறேன். மகன் என் முகத்தைப் பார்க்காமல் சாப்பிட்டுவிட்டு எழுந்து போகிறான். எனக்குத் தூக்கம் சரியாக வருவதில்லை.

அன்று காக்கா என்ன கண்டார் என்பது எனக்கு இப்போதுதான் விளங்குகிறது. சவர்க்காரத்தைப் போட்டுக் குலுக்கியிருந்தால் அவருடைய வாக்கு நின்றிருக்கும், அவருடைய பெயர் நின்றிருக்கும். ஆனால் அந்தச் சத்தியம் பொய்யென்று அவர் கையாலேயே நிறுவப்பட்டு என் தலையில் இறங்கியிருக்கும். அவர் பயந்தது உண்மைதான். தனக்காக அல்ல.

அப்பாவின் கை? அதை நினைக்கத்தான் எனக்கு அந்தரமாக இருக்கிறது. நான் அன்று கழுத்தை உள்ளே இழுத்தேனா என்று நினைவில்லை. இழுக்காமல் எப்படி இருந்திருப்பேன்?

அன்று பின்னேரம் அப்பா கட்டிலின் கீழிருந்த போத்தல்களை எல்லாம் ஒரு கூடையில் வைத்து, வளவின் பின்பக்கம் கொண்டுபோனார். நான் குசினி வாசலில் நின்று பார்த்தேன். ஒரு போத்தலைத் திறந்து கையில் ஊற்றி, சவர்க்காரம் போட்டுத் தேய்த்தார். நெடுநேரம் தேய்த்தார். அடுத்த போத்தல். அதற்கடுத்தது. பற்றரியின் அசிட் கையில் பட்டுவிட்டது, அதைக் கழுவுகிறார் என்று நினைத்தேன். எல்லாப் போத்தல் தண்ணீரும் வாழை அடியில் போய்ச் சேர்ந்தது. உள்ளே வந்தவர் என்னிடம் ஒன்றும் கேட்கவில்லை. எட்டு நாள் கழித்து வந்த ஞாயிறு, புதுப் பற்றரிக்கு அவரே தண்ணீர் ஊற்றினார். மருந்துக் கடையில் வாங்கி வந்த தண்ணீர். "நீ போய் விளையாடு," என்றார். என்னில் இரக்கப்பட்டு வேலையைக் குறைத்துவிட்டார் என்று துள்ளிக்கொண்டு போனேன்.

காக்கா சொன்னபடி அந்தப் புதுப் பற்றரி திங்கட்கிழமையே வந்திருந்தது. அப்பா பள்ளிக்கூடத்தில் இருந்த நேரம் பார்த்து அதை அம்மாவிடம் கொடுத்துவிட்டு, தேத்தண்ணியும் வேண்டாம் என்று போய்விட்டாராம். மாமாவிடமிருந்தும் ஒரு கடிதம் வந்தது. முதல் பாட்டில் தொண்டை கட்டிவிட்டது, இரண்டாவதுதான் நன்றாக வந்தது, அக்காவுக்குப் பிடித்ததா என்று கேட்டிருந்தார். மிகவும் பிடித்தது என்று அம்மா என்னைக் கொண்டே பதில் எழுதுவித்தாள். மாமாவுக்கு மறுபடி வானொலியில் பாடக் கிடைக்கவில்லை. அந்தப் பாட்டை அவர் எப்படிப் பாடி முடித்தார் என்பது அம்மாவுக்குக் கடைசிவரை தெரியாது.

ஊரில் ஒவ்வொரு வீடாகக் காக்காவிடம் பற்றரி கொடுப்பதை நிறுத்தினார்கள். வாத்தியாரையே ஏமாற்றினவன் எங்களை விடுவானா என்றார்கள். முதலில் கூட்டுறவுக் கடை போனது. புரட்டாதியில் கோயில் கூட்டத்தில் ஒலிபெருக்கிப் பற்றரிகளையும் வேறொருவருக்குக் கொடுப்பதென்று தீர்மானித்தார்கள். அப்பாவும் அந்தக் கூட்டத்தில் இருந்தார். வந்து சாப்பிடாமல் படுத்தார்.

மறுநாள் சனிக்கிழமை. அப்பா காலையிலேயே முழுகி, தோய்த்த வேட்டியும் முழுக்கைச் சட்டையும் உடுத்து வெளிக்கிட்டார். "எங்க போறீங்க?" என்று அம்மா கேட்டதற்கு, "ஒரு இடத்துக்கு," என்றார். வெயில் சுட்டது. குடையை மறந்துவிட்டுப் போய்விட்டார் என்று அம்மா என்னை அதோடு துரத்தினாள். நான் ஒழுங்கை முடிவில் தெருவுக்கு ஏறும்போது அப்பா பஸ் நிற்கும் ஆலமரத்தடியில் எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றார். கல்முனையிலிருந்து மட்டக்களப்புக்குப் போகும் பஸ் வந்தது. அவருக்கு முன்னால் வேகம் குறைத்தது. அப்பா ஒரு காலை முன்னே வைத்து, பிறகு எடுத்து, கையை அசைத்துப் போகச் சொன்னார். நான் கிட்டப் போகவில்லை. ஏன் என்று தெரியாது. அரை மணி நேரம் அப்படியே நின்றார். இரண்டாவது பஸ் வந்தது. இந்த முறை கொண்டக்டர் இறங்கி நின்று, "ஏறுங்க மாஸ்டர், எங்க காத்தான்குடிக்கா?" என்று கேட்டது என் காதில் விழுந்தது. அப்பா இல்லையென்று தலையை ஆட்டினார். பஸ் போய்விட்டது.

திரும்பியபோது என்னைக் கண்டார்.

"எப்ப வந்த?"

"இப்பதான். ஏனப்பா போகல்ல?"

"பஸ்ஸில சனம் கூட," என்றார்.

பஸ்ஸில் சனமே இருக்கவில்லை. பின் சீற்றில் மீன்கூடையோடு ஒரு மனிசி மட்டும் இருந்ததை நான் பார்த்திருந்தேன். சனிக்கிழமை முழுவதும் அப்பா வீட்டில் இருக்கப்போகிறார் என்ற சந்தோஷத்தில், எட்டாத கையை எட்டவைத்து அவருக்குக் குடை பிடித்துக்கொண்டு, வீடுவரை கதைத்துக்கொண்டே வந்தேன்.